கண்ணும் கணக்கும்: ரமழான் நோன்பின் கால எல்லை வகுக்கப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நோன்பு பிறர் கண்ணுக்குப் புலப்படாத வழிபாடு. அதன் தொடக்கமும் முடிவுமோ பலரும் கண்டு ஒப்ப வேண்டியவை. இம்முரண் ரமழான் நோன்பின் சட்ட வரலாற்றை எவ்வாறு நடத்திச் சென்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதீனாவில் வைகறையின் எல்லை தெளிவுபெற்ற முறை, பிறையைக் காண்பதா கணிப்பதா என்று எழுந்த வழக்கு, வோல்கா ஆற்றங்கரையில் அந்தி மறையாத கோடை இரவுகள் எழுப்பிய சிக்கல் ஆகிய மூன்றும் ஒரே கேள்வியின் கிளைகளாக இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ரமழான், நோன்பு, வைகறை, பிறை, இஸ்லாமியச் சட்டவியல், வோல்கா பல்கார், இப்னு ஆபிதீன்

முன்னுரை

ஒருவர் தொழுவதை அருகிலிருப்பவர் காண்கிறார். ஸக்காத் கொடுத்தால் பெற்றவர் அறிவார். ஹஜ்ஜுக்குச் செல்பவரை ஊரே வழியனுப்புகிறது. நோன்பு அத்தகையதன்று. உணவு, நீர், தாம்பத்திய உறவு ஆகியவற்றின் தவிர்ப்பால் ஆனது அது. தனியறையில் ஒரு மிடறு நீர் பருகியவரையும் பருகாதவரையும் வெளியிலிருந்து வேறுபடுத்திக் காண வழியில்லை. இமாம் அல்-கஸ்ஸாலீ (இ. 1111) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இப்புலப்படாமையையே நோன்பின் தனிச்சிறப்பாகக் கொள்கிறார். பொதுமக்களின் நோன்பு, சிறப்புடையோரின் நோன்பு, அவரினும் சிறந்தோரின் நோன்பு என அவர் வகுக்கும் மூன்று படிகளில் முதற்படி வயிற்றையும் உடலிச்சையையும் அடக்குவது. அடுத்தது கண், செவி, நா முதலிய உறுப்புகளைத் தீமையினின்று காப்பது. மூன்றாவது உள்ளத்தை இறைநினைவு அல்லாதவற்றிலிருந்து விலக்குவது.

இவ்வாறு அகத்தில் நிகழும் ஒரு செயலை ஒரு சமூகம் முழுவதும் ஒன்றாகச் செய்ய வேண்டுமாயின், அதன் காலம் புறத்தே எல்லாரும் அறியக் கிடக்க வேண்டும். இன்று நோன்பா, வைகறை வந்துவிட்டதா, கதிரவன் மறைந்துவிட்டானா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை வானத்தில் வைக்கப்பட்டது. அவ்விடையைப் படிக்க எழுத்தறிவோ கருவியோ தேவைப்படவில்லை. வானம் விடை தர மறுத்த இடங்களிலும் காலங்களிலும் என்ன நேர்ந்தது என்பதே இங்கு நம் அக்கறை. தமிழில் ரமழான் நோன்பைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அறவுரையாகவோ சட்ட விளக்கமாகவோ அமைகிறது. சட்டங்கள் குறிப்பிட்ட சூழல்களில் எழுந்த கேள்விகளுக்கு விடைகளாகப் பிறந்தவை என்னும் வரலாற்று நோக்கு அதில் குறைவு.

மதீனாவில் ஒரு பகலின் எல்லை

ரமழான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) கடமையாக்கப்பட்டது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரையுள்ள வசனங்கள் இதற்கு அடிப்படை. முன்னிருந்த சமூகங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்ற நினைவூட்டலோடு இப்பகுதி தொடங்குகிறது. இறையச்சம் இதன் நோக்கமாகச் சுட்டப்படுகிறது. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்கும் சலுகையும், ஏழைக்கு உணவளிக்கும் ஈடும், இறைவன் எளிமையையே நாடுகிறான் என்ற கருத்தும் அடுத்தடுத்து வருகின்றன. நோன்பின் நாள் எல்லையை வரையறுப்பது 187ஆம் வசனம்.

இவ்வசனம் இறங்கிய சூழலாக அல்-புகாரீயின் தொகுப்பு ஓர் உழைப்பாளியின் கதையைத் தருகிறது. தொடக்கத்தில், மாலையில் நோன்பு திறக்கும் முன் ஒருவர் உறங்கிவிட்டால் மறுநாள் மாலை வரை அவர் உண்ணக் கூடாது என்பது வழக்கமாயிருந்தது. அன்சாரியான கைஸ் இப்னு சிர்மா நாள் முழுவதும் உழைத்துவிட்டு வீடு திரும்பினார். வீட்டில் உணவில்லை. மனைவி உணவு தேடிச் சென்று மீள்வதற்குள் அவர் கண்ணயர்ந்துவிட்டார். மறுநாள் நண்பகலில் மயங்கி விழுந்தார். இதன் பின்னரே இரவு முழுவதும் உண்பதற்கு அனுமதி வந்தது என்பது அந்த அறிவிப்பு. நோன்பின் எல்லை முன்னர் தனிமனிதரின் உறக்கத்தைப் பொறுத்திருந்தது. இப்போது அது எல்லாருக்கும் பொதுவான வைகறைக்கு நகர்ந்தது. இம்மாற்றத்தைச் சலுகை என்று மட்டும் காண்பது போதாது. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக முடிந்த இரவு இதனால் எல்லாருக்கும் ஒரே கணத்தில் முடியலாயிற்று.

வைகறை என்பது எது? வசனம் வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் உவமையாகக் காட்டியது. அதீ இப்னு ஹாத்திம் இவ்வுவமையை நேர்ப்பொருளில் கொண்டு, இரு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்து இரவில் எடுத்தெடுத்துப் பார்த்தார். நிறம் தெரியவில்லை. நபிகள் நாயகம் அது இரவின் கருமையும் பகலின் வெண்மையுமே என விளக்கினார். ஸஹ்ல் இப்னு ஸஅத் வழி வரும் மற்றோர் அறிவிப்பு, மக்கள் சிலர் கால்களில் நூல் கட்டிப் பார்த்ததாகவும், வைகறையைக் குறிக்கும் சொல் வசனத்தில் பின்னரே இறங்கி ஐயத்தைத் தீர்த்ததாகவும் கூறுகிறது. அதீ இஸ்லாத்தை ஏற்றது ஹிஜ்ரி 9ஆம் ஆண்டை ஒட்டியதாதலால் இரு அறிவிப்புகளையும் கால அடிப்படையில் இணைத்துக் காண உரையாசிரியர்கள் முயன்றுள்ளனர். நமக்கு வேண்டியது வேறொரு செய்தி. முதல் தலைமுறையினர் இந்த எல்லையைக் கண்ணால் சோதித்து அறிய வேண்டிய ஒன்றாகவே புரிந்துகொண்டனர்.

மதீனாவில் வைகறைக்கு இரு அழைப்புகள் இருந்தன. பிலால் விடுப்பது முன்னழைப்பு. உறங்குபவரை எழுப்பவும், தொழுதுகொண்டிருப்பவரைச் சற்று ஓய்வுக்கு அனுப்பவும் அது பயன்பட்டது. அதைக் கேட்டு உணவை நிறுத்த வேண்டியதில்லை. இப்னு உம்மு மக்தூம் அழைத்த பின்னரே உண்பதை நிறுத்த வேண்டும். அவரோ பார்வையற்றவர். விடிந்துவிட்டது என்று பிறர் சொன்ன பின்னரே அவர் அழைப்பார் என அறிவிப்பு தெளிவாகக் குறிக்கிறது. ஊரின் நோன்பைத் தொடங்கிவைக்கும் குரல் பார்வையற்ற ஒருவருடையதாயிருந்தது. அதற்கு வழிகாட்டியது ஊராரின் கண்.

பிற்காலச் சட்டவியலாளர் பொய் வைகறை, மெய் வைகறை என இரண்டைப் பிரித்தனர். முன்னது ஓநாயின் வாலைப் போல மேல்நோக்கி நீண்டு தோன்றி மறையும் ஒளி. வானியலார் இதை இராசிமண்டல ஒளியோடு இணைப்பர். பின்னது அடிவானத்தில் கிடையாகப் பரவி வளரும் வெண்மை. நோன்பைத் தொடங்கிவைப்பது இதுவே. இடைக்கால இஸ்லாமிய வானியலார், கதிரவன் அடிவானத்திற்குக் கீழே ஏறத்தாழ 17 முதல் 20 பாகை வரை தாழ்ந்திருக்கும் நிலையோடு இதைப் பொருத்தினர். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் நேரக்கணிப்பாளர் இப்னு அஷ்ஷாத்திர் (இ. 1375) போன்றோர் பணியாற்றிய காலத்தில் இக்கணக்கு பள்ளிவாசலின் அன்றாடத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

கண் தவறுவதும் உண்டு. நபிகள் காலத்தில் மேகமூட்டமான ஒரு நாளில் மக்கள் நோன்பு திறந்த பின் கதிரவன் வெளிப்பட்டதாக அஸ்மா பின்த் அபீபக்ர் அறிவிக்கிறார். கலீஃபா உமர் காலத்திலும் அத்தகைய நிகழ்வு நடந்ததை இமாம் மாலிக்கின் ‘முவத்தா’ பதிவு செய்கிறது. உமர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இத்தகையோர் அந்நாளைத் திரும்ப நோற்க வேண்டும் என்பது பெரும்பான்மைக் கருத்து. திரும்ப நோற்பதோடு அது முடிகிறது. தண்டப் பரிகாரம் இல்லை. வேண்டுமென்றே பகலில் தாம்பத்திய உறவு கொண்டவருக்கு அடிமையை விடுவித்தல், இயலாவிடில் 60 நாள் தொடர் நோன்பு, அதுவும் இயலாவிடில் 60 ஏழைகளுக்கு உணவு என்ற கடும் பரிகாரம் விதிக்கப்பட்டிருப்பதோடு இதை ஒப்பிட வேண்டும். எல்லையைத் தெரிந்தே மீறியவருக்கும் எல்லை தெரியாமல் தவறியவருக்கும் இடையே சட்டம் நெடுந்தொலைவு வைத்தது.

பருவங்களினூடே நகரும் மாதம்

ரமழான் என்ற சொல்லின் வேர் கடும் வெப்பத்தைக் குறிப்பது. மாதப் பெயர்கள் பருவங்களோடு ஒட்டியிருந்த ஒரு பழைய நிலையின் தடயம் இது என்பர். சந்திர ஆண்டைப் பருவங்களோடு இணைக்க இடையிடையே மாதங்களை ஒத்திவைக்கும் வழக்கத்தைக் குர்ஆன் (9:36–37) கண்டித்தது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது இது மேலும் உறுதிசெய்யப்பட்டது. அன்றுமுதல் இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாட்கள் கொண்டது. கதிர் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமழான் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. எந்த நாட்டவருக்கும் நோன்பு என்றென்றும் கோடையிலோ என்றென்றும் குளிரிலோ அமைவதில்லை. ஹிஜாஸின் அட்சக்கோட்டில் இச்சுழற்சி தாங்கத்தக்க வேறுபாட்டையே தந்தது. வடக்கே செல்லச் செல்ல அது எத்தகைய வேறுபாடாக விரியும் என்பது பின்னரே தெரியவந்தது.

பிறை: ஒரு வினைச்சொல்லின் வழக்கு

பிறையைக் கண்டு நோற்கவும், கண்டு விடுக்கவும், மேகம் மறைத்தால் முப்பதாக நிறைவு செய்யவும் நபிமொழிகள் கட்டளையிடுகின்றன. நாம் எழுதவும் கணிக்கவும் அறியாத சமூகம் என்று கூறி, பத்து விரல்களை மும்முறை விரித்தும், மறுமுறை இறுதியில் கட்டைவிரலை மடக்கியும், மாதம் முப்பதாகவும் இருபத்தொன்பதாகவும் அமையும் என நபிகள் காட்டியதாக மற்றோர் அறிவிப்பு உண்டு. ஆனால் மேகம் மறைக்கும் நிலையைக் குறித்த அறிவிப்புகளுள் ஒன்றில் ‘ஃபக்துரூ லஹு’ என்ற தொடர் வருகிறது. ‘அதை அளவிடுங்கள்’ என்பது போன்ற பொருளுடைய வினை அது. பெரும்பான்மையோர் இதை, முப்பதை எண்ணி நிறைவு செய்யுங்கள் எனக் கொண்டனர். முதரிஃப் இப்னு அப்துல்லாஹ், இப்னு குதைபா (இ. 889), ஷாஃபிஈ அறிஞர் இப்னு சுரைஜ் (இ. 918) ஆகியோரின் பெயரால், கோள்நிலையைக் கணித்து முடிவு செய்யலாம் என்ற விளக்கமும் வழங்கியது. இவ்வினைச்சொல்லை நினைவில் கொள்ளுதல் வேண்டும். வோல்காக் கரையில் இதன் இணைச்சொல்லை மீண்டும் சந்திப்போம்.

பிறையின் ஆட்சி எல்லை எவ்வளவு? சிரியாவுக்குச் சென்ற குரைப் அங்கு வெள்ளி இரவில் பிறை காணப்பட்டதைச் சொன்னபோது, மதீனாவில் சனி இரவிலேயே கண்டோம் என்று கூறி, முஆவியாவின் காட்சியை ஏற்க இப்னு அப்பாஸ் மறுத்தார். உதயமிடங்கள் வேறுபட்டால் மாதத் தொடக்கமும் வேறுபடும் என்ற ஷாஃபிஈ நிலைப்பாட்டிற்கு இது முதன்மைச் சான்று. ஓரிடத்துக் காட்சி எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்பது ஹனஃபீ வழியின் முதன்மைக் கருத்து. கண்ணை ஏற்பதில் இருசாராரும் ஒன்றுபட்டனர். யாருடைய கண் என்பதில்தான் அவர்கள் பிரிந்தனர்.

கணக்கின் மீதிருந்த ஐயத்திற்கு அறிவியல் வளர்ச்சியின்மை காரணமன்று. அல்-பத்தானீ (இ. 929) போன்ற வானியலார் பிறை தெரியும் நிலைகளை நுட்பமாகக் கணித்தவர்கள். ஐயத்திற்கு அரசியல் காரணமும் இருந்தது. இஸ்மாயிலீ ஷியாக்களான ஃபாத்திமீக்கள் முன்கூட்டியே கணிக்கப்பட்ட நாட்காட்டியைப் பின்பற்றினர். 969இல் தளபதி ஜவ்ஹர் எகிப்தைக் கைப்பற்றிய ஆண்டில், அவரும் படையினரும் கணக்கின்படி பெருநாள் கொண்டாட, ஃபுஸ்தாத் நகர மக்கள் பிறை தெரியாமையால் மறுநாள் கொண்டாடினர். வழக்கம்போல் பிறை தேடிய நீதிபதி அபூ தாஹிரின் செயலை ஜவ்ஹர் கண்டித்ததாக அல்-மக்ரீஸீ எழுதுகிறார். அதற்குச் சற்று முன், பர்கா நகரில் பிறை காணாமல் பெருநாள் அறிவிக்க மறுத்த நீதிபதி ஒருவர் வெயிலில் தொங்கவிடப்பட்டு உயிர்நீத்ததாக அத்தஹபீ (இ. 1348) பதிவு செய்கிறார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், எதிர்த்தரப்பில் நின்று எழுதப்பட்ட செய்தியாதலின் அதைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். எனினும் பிறை காண்பது வெறும் காலக்கணிப்பு முறையாக இல்லாமல், ஆட்சியாளரின் அறிவிப்புக்கு எதிரே எளிய சாட்சி ஒருவர் நிற்கத்தக்க இடமாகவும் கருதப்பட்டது என்பதற்கு அக்கதையின் நிலைபேறே சான்று.

இப்பின்னணியில் மாலிகீ அறிஞர் அல்-கராஃபீ (இ. 1285) எழுப்பிய கேள்வி கூர்மையானது. தொழுகை நேரங்களுக்குக் கணக்கை ஏற்கும் நாம் பிறைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? அவர் விடை இது: தொழுகையைக் கடமையாக்குவது கதிரவனின் நிலையே, அதை எவ்வழியில் அறிந்தாலும் போதும். மாதத்தைத் தொடங்கிவைப்பதோ பிறையின் இருப்பன்று, அது காணப்படுதல். ஆகவே காட்சிக்குக் கணக்கு ஈடாகாது. இவ்விளக்கம் பின்வந்த கணக்கெதிர்ப்பாளர்க்கெல்லாம் அரணாயிற்று. ஷாஃபிஈ அறிஞர் தகியுத்தீன் அஸ்ஸுப்கீ (இ. 1355) நடுவழி ஒன்றைத் திறந்தார். பிறை தெரிவதே இயலாது எனக் கணக்கு உறுதியாகக் காட்டும் நாளில், கண்டேன் என்பாரின் சாட்சியத்தைத் தள்ள வேண்டும் என்றார். கணக்கு மாதத்தைத் தொடங்கிவைக்காது; ஆனால் பொய்க்காட்சியைத் தடுக்கும். 1939இல் எகிப்திய நபிமொழி அறிஞர் அஹ்மத் முஹம்மத் ஷாகிர் மேலும் ஓரடி சென்றார். எழுத்தும் கணக்கும் அறியாமையே காட்சிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அக்காரணம் நீங்கியபின் கணக்கே அடிப்படையாக வேண்டும் என்றார். அல்-கராஃபீக்கு ஷாகிர் முழு விடை தந்துவிட்டார் என்று சொல்ல இயலாது. காரணம் எது என்பதில்தான் இருவரும் வேறுபடுகின்றனர்.

அந்தி மறையாத நாடு

பிறை விவாதத்தில் கண்ணும் கணக்கும் மாற்று வழிகள். கண்ணே பயனற்றுப்போன இடத்தில் நிலைமை வேறு. வோல்கா ஆற்றின் பல்கார் மக்கள் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாத்தை ஏற்றனர். அவர்களுடைய மன்னரின் வேண்டுகோளுக்கிணங்க கலீஃபா அல்-முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபத்லான் 922 மே 12 அன்று அங்கு சேர்ந்தார். பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரோடு கூடாரத்தில் பேசிக்கொண்டு இரவுத் தொழுகைக்கான அழைப்புக்குக் காத்திருந்தபோது, சிறிது நேரத்தில் அழைப்பு கேட்டது. வெளியே வந்தால் விடிந்துகொண்டிருந்தது. இரவுத் தொழுகை என்னவாயிற்று என அழைப்பாளரைக் கேட்க, அதை மாலைத் தொழுகையோடு சேர்த்துத் தொழுகிறோம் என்றார். வைகறைத் தொழுகை தவறிவிடுமோ என்னும் அச்சத்தால் ஒரு மாதமாக உறங்கவில்லை என்றும் அவர் சொன்னார்.

இதன் வானியல் எளிது. பல்கார் நகரம் ஏறத்தாழ 55 பாகை வட அட்சத்தில் உள்ளது. கோடையின் உச்சத்தில் நள்ளிரவிலும் கதிரவன் அங்கு அடிவானத்திற்குக் கீழே 12 பாகைக்கும் குறைவாகவே தாழ்கிறது. 18 பாகைத் தாழ்வை அளவாகக் கொண்டால் மாலை அந்தி மறைவதேயில்லை. அது நேரே வைகறையோடு கலந்துவிடுகிறது. ஏறத்தாழ 48.5 பாகைக்கு வடக்கே எல்லா இடங்களிலும் ஆண்டின் சில நாட்களில் இந்நிலை ஏற்படும். இப்னு ஃபத்லான் நோன்பைப் பற்றி இவ்விடத்தில் பேசவில்லை. அவ்வாண்டு ரமழான் டிசம்பர் இறுதியில் தொடங்கியது என்பதைக் கணக்கிட்டால் அதன் காரணம் விளங்கும். புதிதாக இஸ்லாத்தை ஏற்ற அம்மக்களின் தொடக்ககால நோன்புகளுள் சில மிகக் குறுகிய குளிர்காலப் பகல்களில் அமைந்தன. கோடை நோன்பு அவர்களை எட்டப் பல ஆண்டுகள் இருந்தன.

கோடை நோன்பின் படம் ஒன்றை இப்னு பத்தூதா தருகிறார். ரமழானில் பல்காரை அடைந்ததாகவும், மாலைத் தொழுகைக்குப்பின் நோன்பு திறந்து உண்டுகொண்டிருக்கையிலேயே இரவுத் தொழுகைக்கு அழைப்பு வந்ததாகவும், அதையும் தராவீஹையும் முடித்தவுடன் விடிந்துவிட்டதாகவும் அவர் எழுதுகிறார். அவர் அங்குச் சென்றதையே ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். அவ்வையம் வலுவானது என்றே தோன்றுகிறது. ஆயினும் பதினான்காம் நூற்றாண்டு வாசகருக்குப் பல்கார் என்றவுடன் நினைவுக்கு வந்தது இக்குறுகிய இரவே என்பதற்கு அப்பகுதி நல்ல சான்று.

சட்டவியலாளரிடையே விவாதம் முதலில் இரவுத் தொழுகையைப் பற்றியே எழுந்தது. அந்தி மறைந்தால்தான் அதன் நேரம் தொடங்கும். அந்தி மறையாவிடில் தொழுகை கடமையா? கடமையன்று என்றார் குவாரிஸ்ம் பகுதியின் அல்-பக்காலீ. ஐந்து தொழுகைகளுள் ஒன்றைக் கைவிட்டவரைப் பற்றி என்ன சொல்வீர் என்று அல்-ஹல்வானீ தரப்பிலிருந்து வினவப்பட்டதாம். முழங்கையோடு கைகள் துண்டிக்கப்பட்டவருக்கு உளூவின் கடமைகள் எத்தனை என்று இவர் திருப்பிக் கேட்டார். மூன்று; நான்காவதற்கு இடமில்லை என்றனர். தொழுகையும் அப்படியே என்றார் இவர். இவ்விருவரும் ஒரே காலத்தவரா என்பதில் ஐயம் உண்டு. ஆனால் ஹனஃபீ நூல்கள் இந்த உரையாடலைத் தொடர்ந்து எடுத்துரைத்தன. எகிப்திய அறிஞர் இப்னுல் ஹுமாம் (இ. 1457) இவ்வொப்புமையை மறுத்தார். உறுப்பு இல்லாமற்போவதும் கடமையின் அடையாளம் இல்லாமற்போவதும் ஒன்றல்ல. நேரம் ஓர் அறிகுறி. கட்டளை அதற்கு முற்பட்டது. தஜ்ஜாலின் நாட்களில் ஒரு நாள் ஓராண்டளவு நீளும் என்று கேட்ட தோழர்கள், அந்நாளில் ஒரு நாள் தொழுகை போதுமா என வினவியபோது, போதாது, அதை அளவிட்டுக்கொள்ளுங்கள் என்று நபிகள் விடையளித்ததை அவர் சான்றாக்கினார். இங்கும் வினைச்சொல் அதே வேரைச் சேர்ந்த ‘உக்துரூ’.

பிறை வழக்கில் சிறுபான்மையினரின் ஆதாரமாக ஒதுங்கியிருந்த சொல் இங்கு மையத்திற்கு வந்துவிட்டது. வானம் மேகத்தால் மறைந்தால் அளவிடுவதைத் தயக்கத்தோடு நோக்கிய மரபு, வானம் அடையாளமே காட்டாதபோது அளவிடுவதைக் கட்டாயம் எனக் கண்டது. இவ்விரு நபிமொழிகளையும் அவற்றின் வினைச்சொல்லின் வழி இணைத்து வாசித்தால், கண்ணுக்கும் கணக்குக்கும் இருந்த உறவு பகையாக மட்டும் இருந்ததில்லை என்பது புலனாகும்.

நோன்பின் நிலை? டமாஸ்கஸின் ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (இ. 1836) ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் இதை நேராக எடுத்துக்கொண்டார். கதிரவன் மறைந்தவுடனோ, உடலைத் தாங்கும் அளவு உண்பதற்கும் நேரமில்லாத சிறு இடைவெளியிலோ வைகறை தோன்றும் இடத்தில் நோன்பின் சட்டத்தை நம்மவருள் எவரும் பேசியதை நான் காணவில்லை என்று அவர் வெளிப்படையாகக் குறிக்கிறார். பல நூற்றாண்டுகளாகத் தொழுகைக்காக வாதிட்ட மரபு, அதே இடத்தில் நோன்பைத் தொடாமலே இருந்துவிட்டது. தொடர்ந்து நோற்கச் சொல்ல இயலாது, அது அழிவில் முடியும் என்று முடிவுகட்டி, அருகிலுள்ள நாட்டின் இரவைக்கொண்டு அளவிடுவதா, உண்பதற்கும் பருகுவதற்கும் போதிய நேரத்தை ஒதுக்குவதா, பின்னொரு நாளில் ஈடுசெய்ய விடுவதா என மூன்று வழிகளை முன்வைத்து, மேலும் ஆராய வேண்டியது என விட்டுவிடுகிறார். தயக்கத்தோடு எழுதப்பட்ட அச்சில வரிகள் நோன்பின் பொருளைப் பற்றி நீண்ட அறவுரைகளைவிட மிகுதியாகச் சொல்கின்றன. பசியே நோக்கமெனில் அவர் தயங்க வேண்டியதில்லை. உடல் நிலைபெறுவதை நோன்பின் முன்நிபந்தனையாக அவர் கொண்டதாலேயே இரவின் நீளம் சட்டப் பொருளாயிற்று.

வோல்கா பகுதி அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. கசானின் ஷிஹாபுத்தீன் மர்ஜானீ (1818–1889), அந்தி மறையாவிடினும் இரவுத் தொழுகை கடமையே என நிறுவும் ‘நாஸூரத்துல் ஹக்’ நூலை 1870இல் வெளியிட்டார். பழைய நூல்களின் முடிவைத் திரும்ப ஒப்பிக்காமல் மூலங்களிலிருந்து நேரே வாதிட்டமையால் அது தாத்தார் சீர்திருத்தச் சிந்தனையின் தொடக்க நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. மூசா ஜாருல்லாஹ் பிகியேவ் (1875–1949) நீண்ட பகல்களில் நோன்பு பற்றித் தனி நூலே எழுதி 1911இல் கசானில் வெளியிட்டார். வசனத்தின் எளிமை நோக்கையும் சலுகைகளையும் நீண்ட பகலுக்கும் விரித்துக் காண வேண்டும் என்னும் திசையில் அவ்வாதம் சென்றது. மர்ஜானீ கடமையைக் காத்தார், பிகியேவ் தளர்த்தினார் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது எளிது. உண்மையில் இருவரும் தெற்கத்திய நூல்கள் தம் வானத்தை அறியாமல் எழுதப்பட்டவை என்ற ஒரே உணர்விலிருந்து புறப்பட்டவர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் வடக்கு ஐரோப்பாவில் முஸ்லிம்கள் குடியேறியபோது இவ்விவாதம் புது உயிர் பெற்றது. 1978இல் சவூதி மூத்த அறிஞர் அவை, 24 மணிக்குள் பகலும் இரவும் பிரிந்து தெரியும் இடங்களில் பகல் எவ்வளவு நீண்டாலும் முழுவதும் நோற்க வேண்டும் என்றும், தீங்கு அஞ்சுபவர் விட்டுப் பின்னர் ஈடுசெய்யலாம் என்றும், கதிரவன் மறையாத அல்லது உதிக்காத இடங்களில் பகலிரவு பிரியும் அண்மை நாட்டைக் கொண்டு அளவிட வேண்டும் என்றும் முடிவு செய்தது. மக்காவின் நேரத்தைப் பின்பற்றலாம் என்போரும் உளர். 2007 அக்டோபரில், ரமழானின்போது விண்வெளி சென்ற மலேசிய வீரருக்காக அந்நாடு வகுத்த வழிகாட்டுதல் ஏவுதளத்தின் நேரத்தை அளவாக்கியது. நோன்பைப் பின்னர் ஈடுசெய்யவும் இடமளித்தது. இப்னு ஆபிதீன் விட்டுச்சென்ற மூன்று வழிகளுக்கு அப்பால் இவை வெகுதொலைவு சென்றுவிடவில்லை.

தென்னகத்தின் வானம்

தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இவ்வரலாற்றின் பாதி அவர்களைத் தொடவே இல்லை. 10 பாகை வட அட்சத்தில் நோன்பின் நீளம் எப்பருவத்திலும் ஏறத்தாழ 13 முதல் 14 மணிக்குள் அடங்கும். அந்தி மறையாத இரவு என்பதே இல்லை. கதிரவன் இங்கு யாரையும் சிக்கலில் ஆழ்த்துவதில்லை. எஞ்சியது பிறை. தத்தம் பகுதிப் பிறையா, உலகின் எந்த இடத்துப் பிறையும் போதுமா, கணக்கே போதுமா என்னும் மூன்று நிலைப்பாடுகளும் தமிழகத்தில் இன்று உள்ளன. ஒரே தெருவில் இரு நாட்களில் பெருநாள் வருவதும் உண்டு. குரைபின் அறிவிப்பும், மேகத்தைப் பற்றிய வினைச்சொல்லும், ஷாகிரின் வாதமும் துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

ரமழானுக்கு முன் பள்ளிவாசல்கள் அச்சிட்டு வழங்கும் நோன்புக்கால அட்டவணையை இந்நோக்கில் காணலாம். ஒவ்வொரு நாளின் ஸஹர் முடிவும் நோன்பு திறக்கும் நேரமும் நிமிடக் கணக்கில் அதில் அச்சாகியிருக்கும். அவை கணக்கிலிருந்தே பிறந்தவை. பிறைக்குக் கணக்கை அடியோடு மறுப்பவரும் அந்நிமிடங்களை நம்பியே உண்பதை நிறுத்துகிறார். கீழ்வானைப் பார்க்க வெளியே வருவதில்லை. அல்-கராஃபீயின் வேறுபாட்டை அறிந்து அவ்வாறு செய்வோர் சிலரே. அதே தாளின் அடியில், முதல் நோன்பும் பெருநாளும் பிறை தெரிவதைப் பொறுத்தவை என்று ஒரு வரி இருக்கும்.